கைதட்டலில் போன வரி

பிரபு,

நீ நேரில் வந்து கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. நித்யாவை அனுப்பினாய். அவள் பாவம், நாவலூரிலிருந்து பஸ் மாறி மாறி மாடம்பாக்கம் வந்து, செருப்பைக் கழற்றும்போதே "மாமா, ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு மைக் செட் வேணுமாம், அவர் கேக்கச் சொன்னார்" என்றாள். கேட்கச் சொன்னவருக்கு ஃபோன் இல்லையா என்று கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு ஒயர் மாதிரி ஆயிட்டேன் மாமா, இந்தப் பக்கம் குத்தினா அந்தப் பக்கம் பேசணும்" என்று சிரித்தாள். மைக் செட்காரன் வீட்டு மருமகள் என்பதில் சந்தேகமில்லை. நான் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதியதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதும் இல்லை. நம் நகர் நலச்சங்கத்தின் மாதத் தாளில் போடக் கொடுத்திருக்கிறேன். நீ பேசியது எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டு. என் பதிலும் அவர்கள் காதில் விழட்டும். இதில் வருகிற ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டி, அவள் சம்மதத்தைக் கேட்டுத்தான் கொடுத்தேன். "என் பேரப் போட்டுக்கோண்ணா, இதுல எனக்கு இன்னா வெக்கம்" என்றாள்.

அன்றைக்குச் சங்கக் கூடத்துக்கு வராதவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மகன் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிறவன். செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதில்தான் வேலை. அந்த ஆராய்ச்சியைச் சாதாரண ஜனங்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும், யாரும் அதைக் கண்டு பயப்படக் கூடாது என்று ஒரு திட்டம் போட்டு, முதல் கூட்டத்தை நம் கூடத்திலேயே வைத்தான். நான் இந்தப் பக்கத்தில் ஒலிபெருக்கித் தொழில் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சர்ச் திருவிழா, சிவன் கோயில் பிரதோஷம் எல்லாவற்றுக்கும் என் செட்தான் போகும். எனக்கு இந்தத் தொழிலை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பழுதான ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டு, ஷாக் அடித்து, பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துக் கற்றுக்கொண்டேன். சொந்த மகன் பேசுகிறான் என்பதால் அன்றைக்கு இருப்பதிலேயே நல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டை எடுத்துவந்து நானே கட்டினேன். ஸ்டெல்லா எங்கள் தெருவில் கடைசி வீடு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. நாளெல்லாம் அடுப்புக்கு முன்னால் நிற்கிற உடம்பு.

நீ நன்றாகத்தான் பேசினாய் பிரபு. அதை நான் மறுக்கவில்லை, அதுதான் என் சந்தேகத்துக்கே காரணம். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் தலைக்கு மேல் போனபோது பேச்சை நிறுத்தி, "அதுவும் நம்ம கூட்டத்துக்குத்தான் வருது, இடம் கிடைக்கல" என்றாய். கூடம் சிரித்தது. அடுத்து, "எங்க அப்பாகிட்ட இதைப் பத்தி முதல்ல சொன்னப்போ, இதுல எந்த ரேடியோ ஸ்டேஷன் எடுக்கும்னு கேட்டார்" என்றாய். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. என் பக்கத்தில் நின்ற போண்டா போடுகிறவர்கூடத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அப்படிக் கேட்கவே இல்லை. நீ முதன்முதலில் சொன்னபோது நான் கேட்டது, அதற்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால் அது என்ன செய்யும் என்பது. அதற்கு நீ அன்றைக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்காத கேள்வியை நான் கேட்டதாகச் சொல்லி, அந்தச் சிரிப்பை என் பாக்ஸிலேயே எனக்குக் கேட்கவைத்தாய். வீட்டுக்கு வந்து கேட்டேன். "அது ஒரு எக்ஸாம்பிள்பா. ஜனங்களுக்கு கனெக்ட் ஆகணும்ல" என்றாய். நடக்காததை, நன்றாக இருக்கிறது என்பதற்காக நடந்ததுபோலச் சொல்வதற்குப் பெயர் எக்ஸாம்பிள். உன் மெஷினும் அதையேதான் செய்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு லேப்டாப்பை என் ஆம்ப்ளிஃபையரில் செருகச் சொன்னாய். யார் வேண்டுமானாலும் தமிழில் எது வேண்டுமானாலும் கேட்கலாம், அது வாயால் பதில் சொல்லும் என்றாய். என்னைப் பார்த்து, "அப்பா, வாய்ஸ் டல்லா இருக்கு, கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றாய். தூக்கிவிட்டேன். குரல் கனக்கப் பேஸ் ஏற்றினேன், எதிரொலிக்க எக்கோ கொஞ்சம் வைத்தேன். கும்பாபிஷேகத்தில் வர்ணனை செய்பவருக்கு என்ன வைப்பேனோ அதையே வைத்தேன். சப்பென்று இருந்த குரல் கூடத்தின் நான்கு சுவரிலிருந்தும் வருவதுபோல ஆகிவிட்டது. ஒருவர் தக்காளிச் செடியில் இலை சுருள்வதைப் பற்றிக் கேட்டார். ஒரு அம்மா பேரன் படிப்பைப் பற்றிக் கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள். "எனுக்கு ரெண்டு காலும் வீங்கிக்கினே கீது. நிக்கிற வேல. இன்னா பண்றது?" என்று கேட்டாள். மெஷின், "வணக்கம் அம்மா. நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று ஆரம்பித்தது. நெடுநேரம் நிற்பவர்களுக்குக் கால் வீங்குவது சகஜம், படுக்கும்போது காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொள்ளுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. கூடம் அசந்துபோயிற்று. முன்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அது இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

கைதட்டல் வந்தால் என் கை தானாகவே வால்யூமைக் குறைக்கும். என் தொழில் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். குறைக்காவிட்டால் கைதட்டல் மைக்கில் ஏறிப் பாக்ஸ் விசில் அடிக்கும், குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். இத்தனை காலமாக அப்படித்தான் செய்துவருகிறேன். பேசுகிற மனிதன் கைதட்டல் வந்தால் நிறுத்துவான், அடங்கியதும் தொடங்குவான். உன் மெஷின் நிறுத்தவில்லை. கைதட்டலுக்கு அடியில் தன்பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டது. என்ன சொன்னது என்று நான் உட்பட ஒருவர் காதிலும் விழவில்லை. நீ சிரித்துக்கொண்டே "அடுத்த கேள்வி" என்றாய்.

ஸ்டெல்லா அன்றிலிருந்து காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்தாள். தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "பிரபு தம்பி பொட்டி சொன்ன மாரி பண்றேன், பரவால்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை என்பது மனதுக்கு. கால் வீங்கிக்கொண்டேதான் இருந்தது. உன் அம்மா இரண்டு தடவை டாக்டரிடம் போகச் சொன்னாள். "அதான் கேட்டாச்சேக்கா" என்று அவள் முடித்துவிட்டாள். ஒருநாள் காலையில் விடுதிக்குக் கிளம்பியவள் தெருமுனைக் குழாயடியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பேச முடியவில்லை. நானும் உன் அம்மாவும்தான் ஆட்டோவில் ஏற்றினோம். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது அவள் என் சட்டையைப் பிடித்திருந்த பிடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதயம் சரியாக இறைக்கவில்லை, அதனால் உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது, கால் வீக்கம் அதுதான் என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர். "வீக்கம் வந்தப்பவே காமிச்சிருக்கலாமேம்மா" என்று கேட்டார். ஸ்டெல்லா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனி அடுப்புக்கு முன்னால் நிற்க முடியாது. விடுதியில் காய் நறுக்க மட்டும் உட்காரவைத்திருக்கிறார்கள்.

உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்றைக்கே ஓடிவந்தாய், பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய், எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "இங்க பாருங்கப்பா. அது சொல்லியிருக்கு. 'வீக்கம் குறையாவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்'னு கடைசி வரி இருக்கு. ரெக்கார்ட்ல இருக்கு." நான் படித்தேன். இருந்தது. "கைதட்டுனப்போ வால்யூமைக் குறைச்சது யாரு?" என்று கேட்டாய். நான்தான். அதை நீ கேட்பதற்கு முன்னாலேயே ஸ்டெல்லாவின் கட்டில் பக்கத்தில் நின்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதனால் அதைக் காட்டி என்னை மடக்க முடியாது. நான் உன்னைக் கேட்டது வேறு. உயிர்போகிற விஷயத்தை ஏன் கடைசியில் வைத்தது? மேடையில் பேசுகிற எவனையாவது கேட்டுப் பார். ஜனங்கள் முதல் வரியைக் கேட்பார்கள், பிடித்திருந்தால் கைதட்டுவார்கள், கைதட்டியதும் எழுந்து டீக்குப் போய்விடுவார்கள். 'கவலைப்பட வேண்டாம்' முதலில், 'டாக்டரைப் பார்' கடைசியில். இதை அப்படிப் பழக்கியது யார்? "அது ஜெனரலா அப்படித்தான் ஸ்ட்ரக்சர் பண்ணும்பா" என்றாய். வரி கைதட்டலில் போனது உனக்கும் தெரியும். நீ என்னைவிடப் பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்றாய். நிறுத்தி, "இன்னொரு தரம் கேளுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஃப்ளோ போயிடும்னு தோணுச்சுப்பா" என்றாய். அதோடு நாம் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

எனக்கு மெஷின்மேல் கோபம் இல்லை. இரும்பின்மேல் கோபப்படுகிறவன் தன் தொழிலை எப்போதோ விட்டிருப்பான். எனக்குச் சந்தேகம் குரலின்மேல். படப்பைச் சந்தைக்கு ஒரு காலத்தில் லேகியம் விற்கிறவர் ஒருவருக்கு வாரா வாரம் செட் கொடுத்துக்கொண்டிருந்தேன். மைக் முன்னால் நின்றால் மனிதர் கடல்போலப் பேசுவார். மூட்டுவலி, மூலம், மறதி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டப்பா. ஜனங்கள் முண்டியடித்து வாங்குவார்கள். ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. அதே மனிதர், அதே டப்பா, அதே வார்த்தை. தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் நிற்கவில்லை. அன்றைக்கு அவர் என்னிடம் வந்து, "அண்ணே, அவங்க என்னை வாங்கலைண்ணே, உங்க எக்கோவை வாங்குறாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கப்புறம் அவருக்கு நான் செட் கொடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை மறக்கவும் இல்லை. எந்தப் பேச்சைக் கேட்டாலும் எக்கோவை எடுத்துவிட்டால் இதில் என்ன மிச்சம் என்று ஒருதரம் பார்த்துக்கொள்வேன். உன் பேச்சையும் அப்படித்தான் பார்த்தேன்.

பார்த்ததில் என்ன தெரிந்தது தெரியுமா? உன்னிடம் இரண்டு விளக்கம் இருக்கிறது. ஒன்று வீட்டுக்கு, ஒன்று மேடைக்கு. வீட்டில், சாப்பிட்டுக்கொண்டே, நான் விடாமல் கேட்டபோது சொன்னாய்: "உலகத்துல இருக்கிற எழுத்தையெல்லாம் அதுக்குக் குடுத்திருக்காங்கப்பா. ஒரு சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம்னு கணக்குப் போடுது. அந்தக் கணக்குலதான் ஒவ்வொரு சொல்லா வருது. அது நெஜமா பொய்யான்னு தனியா பாக்குற மீட்டர் எதுவும் உள்ள கிடையாது." அது எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஊசி அசைகிறது, ஆனால் எதை அளக்கிறது என்று மீட்டருக்குத் தெரியாது. ஆனால் மேடையில் ஏறியதும், "குழந்தை எப்படிக் கத்துக்குதோ அப்படிக் கத்துக்குது, நம்ம தமிழை நல்லாப் புரிஞ்சுக்குது" என்றாய். வீட்டில் கணக்கு, மேடையில் குழந்தை. எது நிஜம் என்று கேட்டேன். "ரெண்டும் ஒரு விதத்துல கரெக்ட்தான்பா. ஜனங்களுக்குக் கணக்குன்னு சொன்னா தூங்கிடுவாங்க" என்றாய். ஜனங்கள் என்று நீ சொல்வது யாரை? என்னையா, ஸ்டெல்லாவையா? எனக்கு வீட்டில் கணக்கென்று சொன்னாயே, நான் தூங்கினேனா?

நான் சும்மாவும் இருக்கவில்லை. நித்யாவிடம் கேட்டு அந்த மெஷினை என் ஃபோனில் போட்டுக்கொண்டேன். நான் முழுதாக அறிந்த ஒன்றைக் கேட்டால்தானே அதன் யோக்கியதை தெரியும்? பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பற்றிக் கேட்டேன். பிரமாதமாகச் சொன்னது, எனக்கே தெரியாத ஒரு விஷயமும் அதில் இருந்தது, பிறகு புத்தகத்தில் பார்த்தேன், சரிதான். மனசுக்குள் மரியாதை வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு வேலை செய்தேன். ஒரு பார்ட்டுக்கு நானே ஒரு நம்பரைக் கற்பனையாக வைத்து, இது பழுதானால் என்ன ஆகும் என்று கேட்டேன். உலகத்திலேயே இல்லாத பார்ட். சூடேறும், கரகரப்பு வரும், இன்ன மாதிரி மாற்ற வேண்டும் என்று அதே மரியாதையோடு, அதே நிதானத்தோடு சொன்னது. உண்மையைச் சொன்னபோது இருந்த குரலுக்கும் இதற்கும் நூலளவு வித்தியாசம் இல்லை. நித்யா வழியாக உனக்குச் சொல்லி அனுப்பியபோது, "அது பழைய வெர்ஷன், புதுசு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுது" என்று அவளிடமே பதில் அனுப்பினாய். புதியதிலும் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை, அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்றது. இன்னொரு தடவை நம்பரை மாற்றிக் கேட்டேன், மறுபடி கதை. எப்போதும் வேலை செய்யாத ஃப்யூஸைத் தூக்கிப் போட்டுவிடலாம். சில நாள் வேலை செய்கிற ஃப்யூஸை நம்பித்தான் வீடு எரியும். இதைத்தான் நீ மேடையில் சொல்லியிருக்க வேண்டும். இது தூங்கவைக்கிற விஷயமா?

நான் இப்படிப் பேசினால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா படிக்காதவர், புதிதாக எது வந்தாலும் முகத்தைச் சுளிப்பார். உன் கல்யாணத்தில் சேலையூர் மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் பாக்ஸ் 'ம்ம்ம்' என்று முனகியது நினைவிருக்கிறதா? மண்டபத்துக்காரர்களின் புது டிஜிட்டல் செட். அவர்கள் ஆள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மணமேடையிலிருந்து இறங்கி, பட்டு வேட்டியோடு பின்னால் போய் எர்த் ஒயரைச் சரிசெய்துவிட்டு வந்தேன். நித்யாவின் பெரியப்பா, "சம்பந்தி கல்யாணத்துக்கு வந்தாரா, காண்ட்ராக்ட் எடுத்தாரா?" என்று என் காதுபடக் கேட்டார். நீயும் சிரித்தாய். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேனா என்றால், வைத்துக்கொண்டேன். ஆனால் நான் இறங்கிப் போனது புதுச் செட் பிடிக்காததால் இல்லை. முனகல் கேட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை, அதனால். இப்போதும் அதேதான். அன்றைக்கு நம் கூடத்தில் ஒரு முனகல் கேட்டது. எனக்கும் உனக்கும் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நான் எழுந்துவிட்டேன். நீ ஃப்ளோ போய்விடும் என்று உட்கார்ந்திருக்கிறாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டாவது கூட்டம். உன் நிறுவனத்திலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், நன்றாகப் போனால் மற்ற ஊர்களிலும் நடத்த அனுமதி கிடைக்கும். அஸ்தினாபுரம் நூலகத்தில் அடுத்தது என்று பேச்சு. எல்லாம் நித்யா சொன்னாள். ஸ்டெல்லா விஷயத்தை அங்கே பேச வேண்டாம் என்று நீ சொன்னதையும் அவள்தான், தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒரு கேஸை வெச்சு எல்லாரும் பயந்துடுவாங்க மாமா, பண்ணதெல்லாம் வீணாயிடும்ங்கறார்." நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த மெஷின் தெரிந்த ஒரு சிலர் கையில் மட்டும் இருக்கக் கூடாது, நம் ஜனங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சம்பளத்துக்கு மேலே இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாய். அது நல்ல எண்ணம். ஆனால் பயத்தைப் போக்குகிறேன் என்று சொல்லிச் சந்தேகத்தையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டாய். பயம் போகட்டும். சந்தேகம் அவர்களுக்கு வேண்டும். அவர்களிடம் அதை விட்டால் வேறு மீட்டர் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வருகிறாள். கோபத்தில் இல்லை. மறுபடியும் கேட்க. நேற்றுச் சாயங்காலம் கேட் அருகில் நின்று என்னிடம் சொன்னாள்: "அண்ணா, டாக்டர் ஒரு மாத்திரை குட்த்துக்கீறாங்க, தண்ணி எறங்கறதுக்கு. அத்தப் போட்டா பஸ்ஸுல போவ முடியல, நூறு தபா பாத்ரூம் வருது. வேலைக்குப் போற நாள்ல அத்த வுட்டுறலாமான்னு தம்பி பொட்டிகிட்ட கேக்கணும்." "டாக்டரைக் கேளு ஸ்டெல்லா, பொட்டியக் கேட்டுத்தானே அன்னிக்குப் பட்டே" என்றேன். அவள் சிரித்தாள். "டாக்டர் என் மூஞ்சியப் பாக்காமயே சீட்டு எய்துறாங்கண்ணா. இன்னொருத்தர் 'ஏய் நகரு'ன்றாரு. அது மட்டுந்தான் என்னை 'வணக்கம் அம்மா'ன்னு கூப்ட்டுச்சு." அவள் சொன்னது பொய் இல்லை. அந்த மரியாதையை அதற்குக் கொடுத்தது நீ. அந்த மரியாதைக்குக் கம்பீரத்தைக் கொடுத்தது என் எக்கோ. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அது அவளுக்கு என்ன பதில் சொல்லும்? உனக்குத் தெரியுமா? டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே என்று முதல் வரியிலேயே சொல்லலாம். சொல்லும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் சிரமம் புரிகிறது அம்மா என்று ஆரம்பித்து, பயண நாட்களில் நேரத்தை மாற்றலாம், சிலர் இப்படிச் செய்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் போய் அவளுக்கு எது வேண்டுமோ அதை அவள் எடுத்துக்கொள்கிற மாதிரியும் சொல்லலாம். ஆராய்ச்சி செய்கிற உனக்கே முன்கூட்டித் தெரியாது. தெரியும் என்றால் எழுத்தில் கொடு. நான் கூடத்தின் சுவரில் ஒட்டுகிறேன்.

மைக் செட் தருகிறேன். வேறு ஆளிடம் வாங்கிக்கொள் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். உன் அம்மா, "வேற ஆள் வந்தா அவன் எக்கோ வெப்பான், நீங்க போனா வெக்காம இருப்பீங்க" என்றாள். அதில் நியாயம் இருந்தது. ஆனால் என் செட் என் பேச்சைத்தான் கேட்கும். உன் மெஷினுக்குப் பெரிய பாக்ஸ் கிடையாது. மேசைமேல் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பேன், டீக்கடை ரேடியோ அளவுக்கு. கேட்க வேண்டும் என்கிறவர்கள் கைதட்டாமல் கிட்டே வந்து கேட்கட்டும். அது கடைசி வரி சொல்லி முடிக்கிற வரைக்கும் என் கை வால்யூம் பக்கம் போகாது. எவராவது நடுவில் கைதட்டினால் நான் எழுந்து நிற்பேன், எனக்கு வெட்கம் கிடையாது. பெரிய மைக் மனிதர்களுக்கு மட்டும். அதை முதலில் உன்னிடம் தரமாட்டேன், ஸ்டெல்லாவிடம் தருவேன். அன்றைக்கு என்ன கேட்டாள், அதற்கப்புறம் என்ன ஆயிற்று, இன்றைக்கு என்ன கேட்க வந்திருக்கிறாள் என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். உன் பெரியவர்களும் கேட்கட்டும், படத்திலும் பதியட்டும். பயந்து ஓடுகிற ஜனங்கள் இல்லை இவர்கள். இடுப்பளவு வெள்ளத்தில் நின்று அடுத்தவீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொடுத்தவர்கள்.

அதற்குப் பிறகு மைக் உன்னிடம் வரும். அவள் உன்னையும் உன் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நீ பெட்டியைத் தட்டுவதற்கு முன்னால், அவள் முகத்தைப் பார்த்து, "வணக்கம்மா. உங்க மாத்திரையைப் பத்தி எனக்குத் தெரியாது, இதுக்கும் தெரியாது. திங்கக்கிழமை நான் உங்களோட டாக்டர்கிட்ட வர்றேன்" என்று சொல். வரவும் வேண்டும், லீவு போட்டுவிட்டு. மெஷின் சொன்ன அந்த வணக்கத்தை ஒரு மனிதன் சொன்னால் அவள் வேறு எங்கும் போய்க் கேட்கமாட்டாள்.

என் மைக்கில் பேசாதவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. மந்திரியாகப் போகிறேன் என்றவர், பாதிரியார், ஜோசியர், லேகியக்காரர், உன்னைப் போன்ற படித்தவர்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது என்ற வார்த்தை இதுவரை என் பாக்ஸ் வழியாக வெளியே வந்ததே இல்லை. நீ அதைச் சொல். வேறு எதற்கும் வைக்கமாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும், கடைசி வரிசைவரைக்கும் போகிற மாதிரி, எக்கோ வைக்கிறேன்.

அப்பா